பத்தடி இடம்தானே?

பத்தடி இடம்தானே கேட்கிறோம் என்கிறார் அவர். சாலையோரத்தில் சிலை வைக்க நீதிமன்றங்கள் தடை போட்டுவிட்டன. ஊரில் பூங்காக்கள் இருக்கின்றன. அவை பாதி நாள் ஆளில்லாமல்தான் கிடக்கின்றன. அங்கே தலைவர்களுக்கு இடம் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம் என்பது அவர் கட்டுரையின் சாரம். திண்டுக்கல் மாநகராட்சிப் பூங்காக்களில் நினைவுச்சின்னம் வைப்பதற்கு எழுத்து வடிவில் விதி வேண்டும் என்று எங்களில் சிலர் கேட்டோம். அதற்கு மறுப்பாக இதை எழுதியிருக்கிறார். அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இதே பேச்சை டீக்கடையிலும் கட்சி அலுவலகத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். ஆகவே ஆளை விட்டுவிட்டு வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சொல்வது ஐந்து. ஒன்று, தடை சாலைக்குத்தான், பூங்காவுக்கு இல்லை. இரண்டு, சிலைக்குத் தேவைப்படுவது பத்தடி. அதனால் பூங்கா குறைந்துவிடாது. மூன்று, நடுகல் நட்ட இனம் நாம். கல் வைக்க விதி கேட்பது மரபை மறுப்பது. நான்கு, மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றம் தீர்மானம் போட்டால் போதும். ஐந்து, விதி என்று வந்தால் முதலில் தடுக்கப்படுவது ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்தான். முதல் நான்கும் நிற்காது. ஐந்தாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை அவருடைய முடிவுக்கு நேர் எதிரான இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகும்.

தடையிலிருந்து தொடங்குகிறேன். 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர்.எம். லோதா, எஸ்.ஜே. முகோபாத்யாய அமர்வு பிறப்பித்த உத்தரவை அவர் காட்டுகிறார். கேரளத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் அரசியல் தலைவருக்குச் சிலை வைக்கும் முயற்சியில் எழுந்த விவகாரம் அது. பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம் என்று அடுக்கியதோடு அந்த உத்தரவு நின்றுவிடவில்லை. ஏனைய பொதுப் பயன்பாட்டு இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. அவர் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார். காலையில் நடக்கவும் மாலையில் பிள்ளைகள் ஓடியாடவும் ஊரார் வரும் பூங்கா பொதுப் பயன்பாட்டு இடம் இல்லையென்றால் வேறு எது? அதே வழக்கில் 2009 செப்டம்பர் 29 அன்று, அனுமதியில்லாத வழிபாட்டுத் தலங்களைத் தடுத்து உத்தரவிட்டபோது பொதுத் தெரு, பொதுப் பூங்கா என்று பூங்காவைப் பெயர் சொல்லியே குறித்தது நீதிமன்றம். சாமிக்கே கொடுக்கக் கூடாது என்று சொன்ன இடத்தை ஆசாமிக்குக் கொடுக்கலாம் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தார்?

2013 உத்தரவில் தெருவிளக்கு, மின்வசதி, போக்குவரத்து, சாலைகளை மேம்படுத்தி அழகுபடுத்தும் பணி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ‘அழகுபடுத்தல்’ என்ற அந்தச் சொல்லை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். சிலையும் அழகுதானே என்கிறார். அப்படிப் பொருள் கொண்டால், ஒரு வாக்கியத்தில் தடுத்ததை அடுத்த வாக்கியத்தில் நீதிமன்றமே திறந்துவிட்டது என்று ஆகும். சட்டத்தை அப்படி வாசிப்பது அறியாமையால் நேர்ந்ததென்றால் திருத்திக்கொள்ளலாம். தெரிந்தே செய்திருந்தால் அது வாசகரை ஏமாற்றுவது.

திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூரில் காய்கறிச் சந்தையின் நுழைவாயில் அருகே மு. கருணாநிதிக்குச் சிலை வைக்க அனுமதி கேட்டு மாநில அரசே உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 செப்டம்பரில் அந்த மனு தள்ளுபடியானது. பொதுப் பணத்தைக் கொண்டு முன்னாள் தலைவர்களைப் போற்றுவது ஏன் என்றும் நீதிபதிகள் கேட்டார்கள். ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவருக்காக, ஆளுகிற அரசே கேட்டும் கிடைக்காத இடம் அது. ‘சாலைக்கு மட்டும்தான் தடை’ என்று எழுதுகிறவர் இந்த வழக்கைத் தம் கட்டுரையில் ஒரு வரியில்கூடத் தொடவில்லை.

நீதிமன்றங்களை விடுவோம். நம் சட்டமன்றமே இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 1959. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் இது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களுக்கும் திடல்களுக்கும் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் பெயரே அவர் கட்டுரையில் இல்லை. பூங்காவைப் பற்றி எழுத வந்தவர் பூங்காச் சட்டத்தைப் படிக்காமல் வந்திருக்கிறார்.

இனி அந்தப் பத்தடி. சிலை பத்தடியில் நிற்பதில்லை. பீடம் பத்தடி. மாலை போட ஏறுவதற்குப் படி வேண்டும். சுற்றிலும் கம்பி வேலி, அதற்கு ஒரு கதவு, பூட்டு. மேலே கூரை, நான்கு மூலையிலும் விளக்கு. முன்னால் கல்வெட்டு. இருபதுக்கு இருபது அடி என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம்: 400 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு சென்ட். மனைப்பிரிவில் ஒதுக்கிய பூங்கா பத்து சென்ட் என்றால் பத்தில் ஒரு பங்கு முதல் சிலைக்கே போயிற்று. பிறந்தநாள், நினைவுநாள் இரண்டுக்கும் மேடை, ஒலிபெருக்கி, கொடி, கூட்டம், காவலர். அந்த இரண்டு நாளும் ஊஞ்சலும் சறுக்குமரமும் பந்தலுக்குள் போய்விடும்.

அந்த இடம் யார் கொடுத்தது என்பதையும் அவர் யோசிக்கவில்லை. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். மனை விற்பவர் அதைத் தம் கையிலிருந்து கொடுப்பதில்லை. அந்தப் பத்து சதவீதத்தின் விலையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு மனைக்கும் விலை வைக்கிறார். தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்தவரும் நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவரும் ஆசிரியரும் ஓய்வுபெற்ற நடத்துநரும் தவணை கட்டி வாங்கிய மனையின் விலையில் அந்தப் பூங்காவும் அடங்கியிருக்கிறது. அவர்கள் பணம் கொடுத்து வாங்கிய காலி இடத்தை ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று சொல்ல அவருக்கு யார் உரிமை கொடுத்தது? காலியாக இருப்பதுதான் பூங்காவின் வேலை.

மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல்கள் ஓர் ஆளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி இருப்பது நல்லது என்கின்றன. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரின் மக்கள்தொகை 2 லட்சத்து 7 ஆயிரம். குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். மலைக்கோட்டை மேல் ஏறி நின்று ஊரைச் சுற்றிப் பார்த்தவர் எவரும் நாம் அந்த அளவின் பக்கத்தில்கூட இல்லை என்று சொல்வார். இருப்பதே கைப்பிடி, அதில் பத்தடி கேட்கிறார்.

பத்தடியோடு அது நிற்காது என்பது அவருக்கும் தெரியும். ஒரு தலைவருக்குக் கொடுத்தால் அடுத்த கட்சி வரும், அடுத்த சாதிச் சங்கம் வரும், அடுத்த மன்றம் வரும். அவர்களுக்கு இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிளசன்ட் குரோவ் என்ற சிற்றூருக்கு இதே சிக்கல் வந்தது. அங்கே ஒரு பொதுப் பூங்காவில் 1971-இல் ஓர் அமைப்பு கொடுத்த பத்துக் கட்டளைகள் கல் நின்றது. 2003-இல் சும்மம் என்ற சிறிய சமயக் குழு, எங்கள் கொள்கைகளைப் பொறித்த கல்லுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டது. ஊர் மறுத்தது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் 2009 பிப்ரவரியில் முடிந்தது. பொதுப் பூங்காவில் நிரந்தரமாக நிற்கும் சின்னம், அதைக் கொடுத்தவரின் பேச்சாகாது, அந்த ஊர் அரசின் சொந்தப் பேச்சு என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஊரின் வரலாற்றோடு நேரடித் தொடர்புள்ளது, அல்லது ஊரோடு நெடுநாள் உறவுள்ளவர்கள் கொடுத்தது என்ற அளவுகோலை அந்த ஊர் வைத்திருந்தது. சிக்கல் வந்தபிறகு அதை எழுத்திலும் தீர்மானமாக்கியது.

அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. பூங்காவில் நிற்கும் கல், நிதி கொடுத்தவரின் பெயரில் பேசாது. திண்டுக்கல்லின் பெயரில் பேசும். ஊர் தன் வாயால் பேசப்போகிறது என்றால் என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே ஊர் கூடி முடிவெடுத்திருக்க வேண்டும். யார் முதலில் கான்கிரீட் கொட்டுகிறாரோ அவர் பேசுவதே ஊரின் பேச்சு என்று விட்டுவிடச் சொல்கிறார் நம் கட்டுரையாளர்.

அடுத்து நடுகல். இங்கேதான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. தமிழ் மரபின் பெயரைச் சொல்லி அந்த மரபையே தலைகீழாக்குகிறார். தொல்காப்பியத்தின் புறத்திணையியல் நடுகல்லுக்கு ஒழுங்கான படிநிலைகளைச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிட்டுச் சிறப்பிப்பது, வாழ்த்துவது என்று ஆறு. ஒவ்வொரு படிக்கும் முறை உண்டு. கல் வைக்க முறை வகுத்த முன்னோர்களின் பேரர்களைப் பார்த்து, முறை கேட்பது மரபுக்கு விரோதம் என்கிறார். முறைதான் அந்த மரபு.

நமக்கு அடுத்த தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழகத்தில் கிடைத்த நடுகற்களில் மிகப் பழையவற்றுள் வைத்து எண்ணப்படுபவை அவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலையும் (ஆநிரை கவரும் சண்டையையும்) அதில் இறந்தவனையும் சொல்கிறது. ஆள் யார், ஊர் எது, எதற்காக இறந்தான் ஆகிய மூன்றும் சில சொற்களில் அடங்கிவிட்டன. கல் வைத்தவன் தன் பெயரைப் போடவில்லை. இன்றைக்கு வைக்கப்படும் சிலைகளின் கல்வெட்டைப் போய்ப் படித்துப் பாருங்கள். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நிதி அளித்தவர் என்று இருப்பவர்களின் பட்டியல் நீளும். இறந்தவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரி இருக்காது. நடுகல் இறந்தவனுக்கு வைத்தது. இந்தக் கல் வைக்கிறவருக்கு வைத்துக்கொள்வது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது முன்னோர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

நினைவு இடத்தோடு பிறந்தது. நம் மாவட்டத்திலேயே அதற்குச் சான்றுகள் உண்டு. வெள்ளையரை எதிர்த்து 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலேற்றப்பட்ட கோபால் நாயக்கருக்கு அவர் பாளையமான விருப்பாச்சியில் மணிமண்டபம் இருக்கிறது. 1755-இல் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக வந்து இங்கிருந்து வளர்ந்த ஹைதர் அலிக்கும் அவர் மகன் திப்பு சுல்தானுக்கும் இதே ஊரில் மணிமண்டபம் உண்டு. ஊரின் வரலாற்றில் வேர் இருப்பதால் இவற்றுக்குப் பொருள் இருக்கிறது. கோபால் நாயக்கர் யார் என்று ஒரு பிள்ளை கேட்டால் விருப்பாச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம். ஊருக்கு ஊர் ஒரே அச்சில் வார்த்து இறக்கிய சிலை எந்தப் பிள்ளைக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை.

சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. காந்தியின் பெயரும் கஸ்தூரிபாவின் பெயரும் அங்கே மருத்துவமனையாகவும் பள்ளியாகவும் கிராமியப் பல்கலைக்கழகமாகவும் நிற்கின்றன. கஸ்தூரிபா மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாய்மார்கள் நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஊரில் இருக்கிறார்கள்! ஒரு பெயரை வாழவைப்பது எப்படி என்று இந்த மாவட்டம் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல், வெண்கலத்தைத் தவிர மரியாதைக்கு வேறு வடிவமே இல்லை என்று எழுதுகிறார்.

நான்காவது, மாமன்றத் தீர்மானம். 1866-இல் நகராட்சியாகி 2014-இல் மாநகராட்சியான ஊர் இது. மாமன்றத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பூங்கா மாமன்றத்தின் சொத்தாகாது; மக்களுக்காக அது பொறுப்பேற்றுக் காப்பது. 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. நகரத் திட்டத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் அறக்கட்டளை மருத்துவமனை கட்டக் கொடுத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் பூங்காவை அதற்காக எடுக்கக் கூடாது, பூங்காவைக் காக்கும்படி கேட்க அங்கே குடியிருப்பவருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. உயிர் காக்கும் மருத்துவமனைக்கே விட்டுக்கொடுக்க முடியாத இடத்தை, ஒரு மாலை நேரக் கூட்டத்தில் கைதூக்கிப் போட்ட தீர்மானம் சிலைக்குக் கொடுத்துவிடுமா?

தீர்மானத்துக்கு ஆயுளும் குறைவு. ஆட்சி மாறினால் தீர்மானம் மாறும். சென்னைக் கடற்கரைச் சாலையில் 2006-இல் திறந்த சிவாஜி கணேசன் சிலை போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கானது. 2017 ஆகஸ்டில் இரவோடு இரவாகப் பெயர்த்து அடையாறு மணிமண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். கண்ணகி சிலை 2001 டிசம்பரில் கடற்கரையிலிருந்து அகற்றப்பட்டு, ஆட்சி மாறிய 2006-இல் திரும்பி வந்தது. வைக்கும்போது விதியில்லை என்றால் எடுக்கும்போதும் விதியிருக்காது. கிரேனில் கயிறு கட்டித் தூக்கப்படும் காட்சியைவிடப் பெரிய அவமானத்தை ஒரு கலைஞனுக்கோ காப்பிய நாயகிக்கோ நாம் செய்ய முடியாது. தலைவர்களை நேசிப்பதாகச் சொல்கிறவர் முதலில் கேட்க வேண்டியது அவர்களை இந்தக் கேவலத்திலிருந்து காக்கும் விதியைத்தான்.

பெயர் வைப்பதில் நம் ஊர் பட்ட பாட்டையும் அவர் மறந்துவிட்டார். 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்தது நம் மாவட்டம். அதன்பின் திண்டுக்கல் அண்ணா, திண்டுக்கல் காயிதே மில்லத், திண்டுக்கல் மன்னர் திருமலை என்று அடுத்தடுத்துப் பெயர்கள் தாங்கியது. இங்கே தலைமையகம் கொண்டிருந்த பேருந்துக் கழகத்துக்கு இராணி மங்கம்மாள் பெயர் இருந்தது. 1997-இல் விருதுநகர் பக்கம் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது சாதிக் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசே எடுத்துவிட்டது. அண்ணாவும் காயிதே மில்லத்தும் எந்தப் பிழையும் செய்யவில்லை. யாருக்கு, எந்த அளவுகோலில் பெயர் வைப்பது என்ற ஒழுங்கு இல்லாததால் எல்லாப் பெயரும் ஒரே நாளில் போயின. பெயர்ப்பலகையைக் கழற்றிவிடலாம். சிலையைச் சுற்றி அப்படி ஒரு நாள் வந்தால் அதன் விலை ரத்தமாக இருக்கும்.

இப்போது ஐந்தாவது வாதம். இதற்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். சேரியின் எல்லைக்கு வெளியே அம்பேத்கர் நிற்பது வெறும் அலங்காரமாக ஒருபோதும் இருந்ததில்லை. பொதுக் கிணற்றிலும் பொதுத் தெருவிலும் இடமில்லை என்று விரட்டப்பட்டவர்கள், இந்தப் பொதுவெளி எங்களுக்கும் உரியது என்று எழுப்பிய அறிவிப்பு அது. மற்றவர்களின் சிலைகள் ஊர் நடுவில் கேள்வியில்லாமல் எழுந்தபோது அம்பேத்கர் சிலைக்கு மட்டும் வட்டாட்சியரின் நோட்டீஸ் முதலில் வரும் என்ற ஆதங்கம் நியாயமானது. 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், பொது இடங்களில் உள்ள சிலைகளை அகற்றித் ‘தலைவர்கள் பூங்கா’ அமைத்து அங்கே வையுங்கள் என்று சொன்ன வழக்கும், அரக்கோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அம்பேத்கர் சிலைக்கு வந்த வட்டாட்சியர் உத்தரவில் தொடங்கியதுதான். இந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை. மறுப்பவரோடு எனக்கு உறவும் இல்லை.

ஆனால் இதிலிருந்து ‘ஆகவே விதி வேண்டாம்’ என்று அவர் எப்படி முடிவுக்கு வந்தார்? விதி இல்லாத இத்தனை ஆண்டுகளில்தானே இந்தப் பாகுபாடு நடந்தது! எழுதிய விதி இல்லாத இடத்தில் ஆட்டம் போடுவது செல்வாக்கு. அமைச்சரிடம் பேசக்கூடியவருக்கு இடம் கிடைக்கும். மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடக்கிறவருக்குக் கிடைக்காது. மறுப்புக்குக் காரணம் எழுத்தில் கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே படிவம், ஒரே காலக்கெடு, ஒரே அளவுகோல் என்று இருந்தால்தான் பலமில்லாதவர் அந்தத் தாளை நீதிமன்றத்தில் காட்டி ‘அவருக்குக் கொடுத்தாய், எனக்கு ஏன் இல்லை’ என்று கேட்க முடியும். அரசியல் சட்டத்தையே எழுதிக் கொடுத்தவரின் பெயரைச் சொல்லி எழுத்து விதி வேண்டாம் என்பதைவிட முரணான வாதம் உண்டா?

விதியின்மை அந்தத் தலைவருக்குத் தந்த பரிசைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கிறோம். அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். 2018 மார்ச்சில் திருப்பத்தூரில் பெரியார் சிலையைச் சேதப்படுத்தினார்கள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் கூண்டு, இன்னும் காவல். பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன, 2019-இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரிலிருந்து சொல்கிறேன்: பூட்டு பொருளைக் காக்கும், மரியாதையைக் காக்காது. பூட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் அந்த இடத்தில் அந்தத் தலைவருக்கு நாம் மரியாதையைப் பெற்றுத் தரவில்லை. கட்டுரையாளர் கேட்கும் பூங்காச் சிலையும் இந்தக் கூண்டோடுதான் வரும். பிள்ளைகள் விளையாட வரும் இடத்தில் கூண்டும் காவலரும் நிற்பதை அவர் வளர்ச்சி என்கிறாரா?

விதி போட்டால் தலைவர்களை அவமதித்ததாகும் என்கிறார். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம், ஒருவர் இறந்து பத்தாண்டு ஆகாமல் பொதுவெளியில் சிலை வைப்பதில்லை என்ற கொள்கையைப் பின்பற்றுகிறது. ஏற்கனவே சின்னங்கள் நிறைந்துவிட்ட பகுதி என்று வரைபடத்தில் எல்லை போட்டு வைத்திருக்கிறது. பதினொரு ஆண்டு பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சருக்கு நாடாளுமன்றச் சதுக்கத்தில் சிலை வைக்கும் விண்ணப்பத்தை 2018-இல் மறுத்தது. அந்தச் சிலை 2022-இல் அவர் பிறந்த கிரந்தம் ஊருக்குப் போனது. அமெரிக்கா 1986-இல் போட்ட சட்டம், தலைநகர் வாஷிங்டனின் மத்திய அரசு நிலத்தில் நினைவுச்சின்னம் வைக்க, ஒருவர் இறந்து இருபத்தைந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்கிறது. இந்த நாடுகள் தங்கள் தலைவர்களை வெறுக்கவில்லை. துக்கமும் தேர்தல் கணக்கும் ஓய்ந்தபிறகு எஞ்சும் மதிப்பே நிலைக்கும் மதிப்பு என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

திண்டுக்கல்லுக்கு நாங்கள் கேட்பது பெரிதில்லை. மாநகராட்சி முதலில் 1959 சட்டப்படியான பூங்காப் பட்டியலை வெளியிட்டு, ஒவ்வொரு பூங்காவின் வாசலிலும் அதன் பரப்பளவை எழுதி வைக்கட்டும். மனைப்பிரிவுப் பூங்காக்களிலும் பிள்ளைகள் விளையாடும் இடங்களிலும் எந்தச் சிலையும் கூடாது என்று விதி சொல்லட்டும். வேறு வகை நினைவுச்சின்னம் எதுவானாலும் நினைவுகூரப்படுபவர் இறந்து பத்தாண்டு ஆகியிருக்க வேண்டும். இந்த ஊரோடு அவருக்கு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். பகுதி சபையில் வைத்துக் குடியிருப்போரின் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும். பராமரிப்புச் செலவுக்கு வைப்புத்தொகை முன்பணமாகக் கட்டப்பட வேண்டும். பலகையில் நினைவுகூரப்படுபவரின் பெயரும் பணியும் மட்டும் இருக்கட்டும். திறந்து வைத்தவர் பெயரும் சாதிப் பட்டமும் வேண்டாம். கூண்டு தேவைப்படும் எதற்கும் அனுமதி இல்லை. மறுத்தால் காரணம் எழுத்தில், முப்பது நாளுக்குள். நிழல் தரும் வேம்பு, உட்கார ஒரு கல் பெஞ்சு, குடிதண்ணீர்த் தொட்டி, வாசிக்கச் சிறு நூலக அறை ஆகியவற்றைத் தலைவர் பெயரில் கொடுக்க வருகிறவருக்கு முதலிடம். ஆத்தூர் காமராஜர் சாகரின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். தண்ணீரோடு சேர்ந்த பெயர் மறக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இதில் எந்த வரி எந்தத் தலைவரை அவமதிக்கிறது என்று அவர் காட்டட்டும். எந்த வரி எந்தச் சமூகத்தை ஒதுக்குகிறது என்று சொல்லட்டும். சொன்னால் அந்த வரியைத் திருத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் பாதி உத்தரவைக் காட்டி, இருக்கும் சட்டத்தை மறைத்து, நடுகல்லின் பெயரையும் அம்பேத்கரின் பெயரையும் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளின் விளையாட்டிடத்தைக் கேட்பதை வாதம் என்று ஏற்க முடியாது.

திண்டுக்கல் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதி சபை அடுத்து கூடும்போது போய் உட்காருங்கள். ‘எங்கள் தெருப் பூங்கா 1959 சட்டப்படியான பட்டியலில் இருக்கிறதா, அதன் பரப்பு எவ்வளவு?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பட்டியலில் ஏறாத பூங்காவில்தான் பத்தடி கேட்பவர் முதலில் வந்து நிற்பார்.